ஓசூரும் சில்லேதார் குதிரைகளும்: தோற்ற எதிரிக்குத் திரும்ப ஆயுதம் கொடுத்த கதை

ஓசூரில் குடியேறிய யாரும் முதல் வருஷத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இந்த ஊர் எப்படிங்க தமிழ்நாட்டுல வந்துச்சு?" பெங்களூர் நாற்பது கிலோமீட்டர். சென்னை முந்நூறுக்கு மேல். சந்தையில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே வாக்கியத்துக்குள் வரும். காலநிலையும் பெங்களூர் காலநிலைதான். பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் இருக்கும் ஆனேக்கல் கர்நாடகா, ஓசூர் தமிழ்நாடு. ஏன்?

பொதுவாகக் கிடைக்கும் பதில், "1956 மொழிவாரி மாநிலப் பிரிப்பு" என்பது. அது பாதி பதில்தான். 1956இல் ஓசூர் சென்னை மாநிலத்தில் தொடர்ந்தது, அவ்வளவே. அதற்கு முன்னாடியே அது சேலம் மாவட்டம். சேலம் மாவட்டத்துக்கு எப்போது வந்தது என்று பின்னோக்கிப் போனால் 1799இல் போய் நிற்போம். அந்த வருஷம் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு விசித்திரமான காரியம் செய்தது. முப்பது வருஷமாகத் தன்னோடு நான்கு போர் நடத்திய ஒரு நாட்டைத் தோற்கடித்தது. உடனே அதே நாட்டுக்குத் திரும்பவும் குதிரைப்படை வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தது. அனுமதி என்றுகூடச் சொல்ல முடியாது, வைத்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. நான்கே வருஷத்தில் அந்தக் குதிரைகள் கம்பெனிக்குப் பக்கத்தில் நின்று மராட்டியர்களை எதிர்த்தன.

ஓசூர் தமிழ்நாட்டில் இருப்பதும், மைசூர் குதிரைக்காரன் கையில் ஈட்டி திரும்பி வந்ததும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்பதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது.

பசியில் தோற்ற படை

கணக்கு 1791இல் ஆரம்பிக்கிறது. மூன்றாம் மைசூர் போர். கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் மார்ச் மாதம் பெங்களூரைப் பிடித்துவிட்டார். மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வரைக்கும் போயும்விட்டார். ஆனால் கோட்டையை முற்றுகையிட முடியவில்லை. காரணம், மாடு. பீரங்கி இழுக்கவும் அரிசி சுமக்கவும் இருந்த மாடுகள் ஆயிரக்கணக்கில் செத்துப்போயின. திப்புவின் குதிரைக்காரர்கள் தானியம் வரும் வழியை அறுத்துவிட்டார்கள். கடைசியில் கனரக பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டு காரன்வாலிஸ் பெங்களூருக்குத் திரும்பினார்.

இதிலிருந்து கம்பெனி இரண்டு பாடம் எடுத்துக்கொண்டது. ஒன்று, மைசூரின் குதிரையும் மாடும் தன்னிடம் இல்லாத பலம். இரண்டு, கர்நாடகச் சமவெளியிலிருந்து மேட்டு நிலத்துக்கு ஏறும் கணவாய்கள் தன் கையில் இல்லாவிட்டால் மேலே போன படை பட்டினி கிடக்கும்.

இரண்டாவது பாடத்தை உடனே செயல்படுத்தினார்கள். 1791 ஜூலையில் ஓசூரையும் ராயக்கோட்டையையும் பிடித்தார்கள். பெங்களூரிலிருந்த படைக்குக் கீழேயிருந்து சோறு போகும் பாதை இதுதான். நவம்பரில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கினார்கள். ஊரைப் பிடிக்க முடிந்தது, மேல்கோட்டை விழவில்லை. இன்று சையது பாஷா மலை என்கிறோமே, அதுதான். அந்தப் பாறையைக் கீழே நின்று ஒருமுறை அண்ணாந்து பார்த்தால் ஏன் விழவில்லை என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. சண்டையில் வராத கோட்டை, அடுத்த வருஷம் காகிதத்தில் வந்தது.

1792 மார்ச் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தம்: திப்பு தன் நாட்டில் பாதியைக் கொடுத்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம் ஒப்புக்கொண்டார். இரண்டு மகன்களைப் பிணையாக அனுப்பினார். கொடுத்த பாதியில் பாராமகால், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம், கம்பெனிக்கு வந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் நிலம் அளக்க வந்து சேர்ந்தார்கள்.

கவனிங்க, ஓசூர் அப்போது வரவில்லை. அது திப்புவிடமே திரும்பிப் போனது. 1792 முதல் 1799 வரை ஏழு வருஷம் சர்வதேச எல்லை ராயக்கோட்டைக்கும் ஓசூருக்கும் நடுவில் ஓடியது. ராயக்கோட்டை மலைமேல் கம்பெனிக் காவல், முப்பது கிலோமீட்டர் தள்ளி ஓசூர் கோட்டையில் திப்புவின் காவல். இப்போது தக்காளி லாரிகள் ஓடும் சாலை அது.

1799: யாரை வைத்து ஆளுவது?

1799 மார்ச் தொடக்கத்தில் ஜெனரல் ஹாரிஸின் பெரும்படை இந்த ராயக்கோட்டை வழியாகத்தான் மைசூருக்குள் நுழைந்தது. பாராமகாலில் சேர்த்து வைத்த தானியம் பின்னாலேயே போனது. மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு கோட்டை வாசலில் சண்டையிட்டே இறந்தார்.

இனி என்ன செய்வது? மொத்த நாட்டையும் கம்பெனியும் நிஜாமும் பங்கு போட்டுக்கொண்டால் நிஜாம் பெரிதாகிவிடுவார், மராட்டியர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். திப்புவின் மகன்களுக்கே கொடுத்தால் பழைய பகை தொடரும். கவர்னர் ஜெனரல் ரிச்சர்ட் வெல்லெஸ்லி மூன்றாவது வழியை எடுத்தார். ஹைதர் ஓரங்கட்டிய பழைய உடையார் வம்சத்தில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவனை ஜூன் 30 அன்று அரியணையில் உட்கார வைத்தார்கள். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார்.

ஐந்து வயசுப் பையன் ஆள முடியுமா? ஆண்டது பூர்ணையா. யார் இந்தப் பூர்ணையா? திப்புவின் நிதி மந்திரி. அதற்கு முன் ஹைதருக்கு வேலை செய்தவர். 1782இல் ஹைதர் சித்தூர்ப் பக்கம் பாசறையில் இறந்தபோது, திப்பு வந்து சேரும்வரை அந்தச் சாவை வெளியில் தெரியாமல் மறைத்துப் படையைக் கலையாமல் காப்பாற்றியவர்களில் ஒருவர். 1799 போரிலும் திப்பு பக்கம் நின்றவர். ஜூலையில் அவர்தான் கம்பெனியின் நண்பனான புதிய மைசூருக்குத் திவான். மே மாதத்து எதிரி!

இன்றைய பாஷையில் சொன்னால், கம்பெனியை வாங்கினவன் பழைய சிஇஓவை மட்டும் மாற்றிவிட்டு, சிஎஃப்ஓவை அப்படியே வைத்துக்கொண்டான். எந்தக் கணக்கு எந்தப் பெட்டியில் இருக்கிறது, எந்த ஊரில் யாரிடம் எத்தனை குதிரை இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

திப்புவின் தளபதி கமருத்தீன் கான் சரணடைந்தார், அவருக்குக் குர்ரம்கொண்டாவில் ஜாகீர் கிடைத்தது. மேலே இருந்தவர்களுக்கு இப்படி ஏற்பாடு ஆகிவிட்டது. கீழே இருந்த சிப்பாய்?

வேலை போனவன் கையில் வாள்

தோற்ற படையின் சிப்பாய்க்கு முன்னால் இருக்கும் வழி மூன்றுதான். ஊருக்குப் போய் ஏர் பிடிக்கலாம். ஜெயித்தவனிடம் சம்பளத்துக்குச் சேரலாம். இல்லாவிட்டால் தனக்குத் தெரிந்த ஒரே தொழிலைத் தனியாக நடத்தலாம்.

மூன்றாவது வழிக்கு ஆள் கூட்டினவர் தூண்டியா வாக். திப்புவே சிறையில் அடைத்து வைத்திருந்த ஆள். கோட்டை விழுந்த அன்று வெளியே வந்தார். கலைந்துபோன திப்புவின் குதிரைக்காரர்கள் அவர் பின்னால் திரண்டார்கள். 'இரு உலகங்களின் அரசன்' என்று பட்டம் சூட்டிக்கொண்டார். ஓராண்டுக்கு மேல் துரத்த வேண்டியிருந்தது. 1800 செப்டம்பர் 10 அன்று கோனகல் என்ற இடத்தில் ஆர்தர் வெல்லெஸ்லி (கவர்னர் ஜெனரலின் தம்பி, பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த அதே வெலிங்டன்) குதிரைப்படையோடு நேரில் மோதி அவரைக் கொன்றார்.

அந்தத் துரத்தலில் வெல்லெஸ்லியோடு ஓடியது யார்? பூர்ணையா அனுப்பிய மைசூர் குதிரைகள். அதாவது திப்புவின் பழைய குதிரைக்காரர்களைத் துரத்தியதும் திப்புவின் பழைய மந்திரி திரட்டிய குதிரைக்காரர்கள்தான். இன்னொரு சின்ன விவரம்: சண்டை முடிந்த இடத்தில் கிடைத்த தூண்டியாவின் சிறுவயது மகன் சலாபத் கானை வெல்லெஸ்லி தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார், வளர்ப்புக்குப் பணமும் வைத்துவிட்டுப் போனார். வளர்ந்தபின் அந்தப் பையன் வேலைக்குச் சேர்ந்தது மைசூர் அரசரிடம்.

தூண்டியா கொடுத்த பாடம் கம்பெனிக்குப் புரிந்துவிட்டது. குதிரை வைத்திருக்கிற ஆளுக்குச் சம்பளம் கொடுக்காவிட்டால் அவன் தனக்கான சம்பளத்தை ஊரிலிருந்து எடுத்துக்கொள்வான்.

சில்லேதார் என்றால்?

மைசூர் குதிரைப்படையில் பெரும்பங்கு சில்லேதார்கள். குதிரை, ஈட்டி, வாள் எல்லாம் அவனுடையது. அரசு மாசச் சம்பளம் மட்டும் கொடுக்கும். குதிரையை அரசே கொடுத்தால் அவன் பார்கீர். இன்று சொந்த பைக், சொந்த பெட்ரோலோடு டெலிவரி வேலைக்குப் போகிற பையன்களைப் பார்க்கிறோமே, ஏறக்குறைய அந்த ஏற்பாடு. குதிரை செத்தால் நஷ்டம் அவனுக்கு. அதனால் வீணாகக் குதிரையைப் பலிகொடுக்கும் சண்டைக்குள் பாய மாட்டான். ஆனால் வேவு பார்ப்பது, தானிய வண்டிகளுக்குக் காவல் போவது, எதிரியின் தானிய வண்டியை மறிப்பது, ஓடுகிறவனைத் துரத்துவது, இதற்கெல்லாம் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. 1791இல் காரன்வாலிஸைப் பட்டினி போட்டது இந்த வகைக் குதிரைதான்.

கம்பெனி எதைத் திரும்பக் கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்று பார்த்தால் கணக்கு தெளிவாகும். திப்புவின் உண்மையான பயம் காட்டும் பலம் பயிற்சி பெற்ற காலாட்படை, பீரங்கி வார்க்கும் பட்டறைகள், ராக்கெட்டுகள். இவை எதுவும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. ராக்கெட்டுகள் இங்கிலாந்தில் வூல்விச்சுக்குப் போய், காங்கிரீவ் அங்கே தன் ராக்கெட்டை உருவாக்கத் தூண்டுதலாயின. மைசூரிடம் கொஞ்சம் காலாட்படையும் கந்தாச்சார் என்ற ஊர்க்காவல் ஆட்களும் இருந்தார்கள். ஆனால் கம்பெனி கேட்டு வாங்கியது குதிரை. தன்னிடம் இல்லாத பலத்தை மட்டும் நண்பனிடம் வளர விட்டது, தனக்குச் சமமான பலத்தை வளர விடவில்லை. மாட்டுக் கதையும் அப்படியே. ஹைதரும் திப்புவும் வளர்த்த அமிர்த மகால் மாடுகள் இப்போது கம்பெனி பீரங்கியை இழுத்தன.

1803: பக்கம் மாறிய போர்

1790-92 போரில் மராட்டியர்கள் கம்பெனியின் கூட்டாளிகள், எதிரி மைசூர். 1803இல் எதிரி மராட்டியர்கள், கூட்டாளி மைசூர். பதினோரு வருஷம்தான் இடைவெளி. இரண்டு போரையும் பார்த்த ஒரு மைசூர் குதிரைக்காரனை நினைத்துப் பாருங்க. அவன் ஏறின குதிரை வேறாக இருக்கலாம், ஈட்டி அதேதான்.

ஆர்தர் வெல்லெஸ்லி மார்ச் மாதம் ஹரிஹரிலிருந்து புனே நோக்கிக் கிளம்பியபோது பிஷ்ணப்ப பண்டிட் தலைமையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மைசூர் குதிரைகள் கூடப் போயின. பின்னாலிருந்து பூர்ணையா அரிசியும் மாடும் அனுப்பிக்கொண்டே இருந்தார். செப்டம்பர் 23 அன்று அஸ்ஸாயே. வெல்லெஸ்லியிடம் கம்பெனி, அரசர் படை சேர்த்து கிட்டத்தட்ட 4,500 பேர். மைசூர், பேஷ்வா குதிரைகள் சேர்ந்து சுமார் 5,000. இந்த ஐயாயிரத்தை அவர் முதன்மைத் தாக்குதலில் இறக்கவில்லை. கைத்னா ஆற்றின் தென்கரையில் நிறுத்தி, எதிரியின் குதிரைக் கூட்டம் பின்னால் வந்து பாயாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

"அப்போ நம்பலையா?" என்று கேட்கலாம். சில்லேதாரைப் பீரங்கி வரிசைக்கு நேராக ஓட்டுவது அவனைத் தப்பான வேலைக்குப் பயன்படுத்துவது. தெரிந்த வேலையைக் கொடுத்தார் என்றே நான் வாசிக்கிறேன்.

ஏற்பாடு பலன் தந்ததும் அதைச் சட்டமாக்கினார்கள். 1807 துணை ஒப்பந்தப்படி மைசூர் 4,000 குதிரைகளை எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும். 1817 டிசம்பர் 21, மஹித்பூரில் ஹோல்கர் படையைக் கம்பெனி தோற்கடித்தபோது அங்கேயும் மைசூர் சில்லேதார்கள் இருந்தார்கள்.

சாவி யாரிடம்?

இப்போது ஓசூருக்கு வருவோம்.

எதிரிக்கு ஆயுதம் கொடுக்கிறவனுக்கு ராத்திரி தூக்கம் வரவேண்டும் என்றால் ஒரு காப்பீடு வேண்டும். 1799 பங்கீட்டில் கம்பெனி அதை நிலத்திலேயே எழுதிவிட்டது. கோயம்புத்தூர், வயநாடு, கனரா எடுத்தது. அதோடு மலைக்கு மேலே, கணவாய்களின் தலைப்பகுதியில் இருந்த கோட்டைகளையும் சேர்த்து எடுத்தது. கடற்கரை முழுக்கக் கம்பெனியிடம். மேட்டு நிலத்திலிருந்து கீழே இறங்கும் ஒவ்வொரு வாசலும் கம்பெனியிடம். உடையார் அரசு நடுவில், நான்கு பக்கமும் பூட்டிய வீடு.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பாலாகாட், அதாவது கணவாய்க்கு மேலே உள்ள நாடு. நிலமும் மொழியும் வாழ்க்கையும் பார்த்தால் மைசூரோடு சேர்ந்தது. அதைப் பிரித்துக் கீழேயுள்ள பாராமகாலோடு ஒட்டியதற்குப் பூகோளக் காரணம் கிடையாது, படைக் காரணம்தான். 1767இலும் 1780இலும் ஹைதரின் குதிரைகள் மேலேயிருந்து இறங்கிக் கர்நாடகச் சமவெளியைக் கொளுத்தியதை மெட்ராஸ் மறக்கவில்லை. நான்காயிரம் குதிரை வைத்துக்கொள், ஆனால் கீழே இறங்கும் கதவுக்குச் சாவி என்னிடம். சாஃப்ட்வேர்காரன் கணக்கில், யூசர் அக்கவுண்ட் கொடுத்தாச்சு, அட்மின் பாஸ்வேர்டு கொடுக்கலை.

மத்திகிரியில் இருக்கிற கால்நடைப் பண்ணையும் இந்தக் கதையின் நீட்சிதான். 1824இல் அது ஆரம்பித்தது படைக்குக் குதிரை வளர்ப்பதற்காக. மாட்டுப் பண்ணை ஆனதெல்லாம் பிறகு.

இரண்டாவது காப்பீடு பணம். மைசூரில் நிற்கும் கம்பெனிப் படைக்கு மைசூர் வருஷம் 7 லட்சம் ஸ்டார் பகோடா, அதாவது சுமார் 24.5 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். நாட்டுக்கு மதிப்பிட்ட வருமானத்தில் பாதிக்கும் மேல்! அதற்கு மேல் 4,000 குதிரைகளின் சம்பளமும் மைசூர் தலையில். இந்தப் பணம் வராது என்று தோன்றினால் நிர்வாகத்தையே கம்பெனி எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்தும் உண்டு. 1831இல் நகர் கிளர்ச்சிக்குப் பிறகு கவர்னர் ஜெனரல் வில்லியம் பென்டிங்க் மைசூர் நிர்வாகத்தைப் பிடுங்கியது அந்த ஒப்பந்தத்தைக் காட்டித்தான். உடையார்களுக்கு அது திரும்பக் கிடைக்க ஐம்பது வருஷம் ஆனது, 1881 வரை.

வேலூரில் வெடித்தது

பென்டிங்க் பெயர் வந்ததால் இன்னொன்று. எல்லாக் காப்பீடும் செய்த கம்பெனி ஒரு இடத்தில் கோட்டை விட்டது, அதுவும் தன் சொந்தக் கோட்டைக்குள்ளேயே. திப்புவின் குடும்பத்தை வேலூர்க் கோட்டையில் கொண்டுவந்து வைத்தது. அவர்களோடு மைசூர் ஆட்கள் பலரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். 1806இல் புதுத் தலைப்பாகை, தாடி, நெற்றிக்குறி சம்பந்தமான உத்தரவுகளில் கொதித்துப்போன சிப்பாய்கள் ஜூலை 10 அதிகாலையில் எழுந்தார்கள். கோட்டைமேல் ஏறியது திப்புவின் புலிக்கொடி. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றே அடக்கினார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்குப் போனது. அன்றைய மெட்ராஸ் கவர்னர் பென்டிங்க் பதவியிழந்து திரும்பினார்.

வேடிக்கை என்னவென்றால், புலிக்கொடி ஏறியது கம்பெனியின் சொந்தச் சிப்பாய்கள் கையால். நேற்றைய எதிரியான மைசூரின் சில்லேதார்கள் அந்தப் பக்கம் அசையவில்லை. சம்பளம் வந்தது, மானம் சீண்டப்படவில்லை, தலைப்பாகை அவனவன் கட்டிய மாதிரியே இருந்தது. பழைய எதிரியா, பழைய நண்பனா என்பதைவிட ஒரு சிப்பாய்க்கு இவை முக்கியமாக இருந்திருக்கின்றன.

இன்னும் மூன்று நாடுகள்

இந்தக் கணக்கு பழைய காலத்தோடு முடிந்துவிடவில்லை. 1945இல் ஜெர்மனியும் ஜப்பானும் தோற்றன, ஆயுதம் களையப்பட்டன. 1950 ஜூனில் கொரியப் போர் வெடித்தது. அடுத்த மாதமே ஜப்பானில் 75,000 பேர் கொண்ட 'போலீஸ் ரிசர்வ்' அமைக்க மெக்கார்தர் உத்தரவிட்டார். போர் செய்ய மாட்டோம் என்று அரசியல் சட்டத்தில் எழுதியிருந்ததால் பெயர் போலீஸ். 1954இல் அது தற்காப்புப் படை ஆனது. மேற்கு ஜெர்மனி 1955 மே மாதம் நேட்டோவில் சேர்ந்தது, நவம்பரில் புதிய ராணுவம். ஹிட்லரிடம் இருந்த அதிகாரிகள் பலர் அதில் இருந்தார்கள். வேறு ஆள் எங்கே கிடைப்பான்?

இங்கேயும் சாவி வேறு கையில். அணு, ரசாயன, உயிரியல் ஆயுதங்களைத் தன் மண்ணில் தயாரிக்க மாட்டேன் என்று ஜெர்மனி எழுதிக் கொடுத்தது. ஜப்பானில் அமெரிக்கத் தளங்கள் தங்கின. மராட்டியர் இடத்தில் சோவியத் யூனியன் என்று போட்டுக்கொண்டால் 1799இன் சூத்திரம் கிட்டத்தட்டப் பொருந்துகிறது.

எதிர் உதாரணம் இராக். 2003 மே 23 அன்று அமெரிக்க நிர்வாகி பிரெமர் ஒரே உத்தரவில் சதாமின் படையைக் கலைத்தார். லட்சக்கணக்கான ஆட்கள், கையில் துப்பாக்கி, வீட்டில் சோறு இல்லை. தூண்டியா வாக் ஒருவர் அல்ல, பலர் கிளம்பினார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மைசூருக்கும் ஜெர்மனிக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஜெர்மனிக்குக் காலப்போக்கில் சாவிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. மைசூருக்குத் திரும்பவில்லை. 1881இல் நாடு திரும்பியபோதும் அனுமதியில்லாமல் கோட்டை கட்டவோ படை பெருக்கவோ கூடாது என்றுதான் நிபந்தனை. குதிரைகள் மட்டும் தொடர்ந்து ஓடின. முதல் உலகப் போரில் மைசூர் லான்சர்கள் பாலஸ்தீனம் போய், 1918 செப்டம்பர் 23 அன்று ஜோத்பூர் லான்சர்களோடு சேர்ந்து ஹைஃபாவைப் பிடித்தார்கள். அஸ்ஸாயே நடந்த அதே செப்டம்பர் 23, சரியாக 115 வருஷம் கழித்து. எதிரே நின்றது துருக்கிப் படை. ஆங்கிலேயரை எதிர்க்க உதவி கேட்டு 1780களில் திப்பு தூது அனுப்பியது இதே துருக்கி சுல்தானகத்துக்குத்தான்.

தோற்றவனுக்கு ஆயுதம் கொடுப்பதை மன்னிப்பு என்றோ நட்பு என்றோ எழுதும் புத்தகங்கள் உண்டு. நான் பார்க்கும் கேள்விகள் வேறு: எந்த ஆயுதம் திரும்பியது, எந்த ஆயுதம் திரும்பவில்லை? சம்பளம் யார் தலையில்? வாசல் சாவி யாரிடம்? ஆயுதம் கிடைக்காமல் விடுபட்ட சிப்பாய் எங்கே போனான்? இன்றைக்குச் செய்தியில் ஏதாவது நாட்டின் பழைய எதிரிக்குப் புது ராணுவம் கட்டிக்கொடுக்கிறார்கள் என்று வந்தாலும் இந்த நான்கையும் கேட்டுப் பாருங்க.

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிறவர்கள் முடிந்தால் ஒருநாள் அந்த மலைக்கோட்டையில் ஏறுங்கள். வெயிலுக்கு முன் போவது நல்லது, தண்ணீர் எடுத்துப் போங்க. மேலே நின்றால் மேட்டு நிலமும் கீழே இறங்கும் பள்ளமும் ஒரே பார்வையில் தெரியும். 1799இல் கோடு ஏன் இந்த இடத்தில் விழுந்தது என்பதற்கு அதைவிட நல்ல வரைபடம் கிடையாது. ரீடும் மன்றோவும் இந்த மலைகளுக்குக் கீழே நிலம் அளந்த கதையை அடுத்த பதிவில் எழுதுகிறேன்.